ஞானவரோதயன் திருத்தம்

‘வீழ்ச்சி’ என்ற சொல்லை இனி எந்த அறிக்கையிலும் எழுதக் கூடாது என்று சுற்றறிக்கை வந்த அன்று, திருச்சித் திறன் அளவைக் கழகத்தின் லிஃப்ட் இரண்டாம் மாடியிலிருந்து அறுந்து தரைத்தளத்தில் விழுந்தது. நல்லவேளையாக உள்ளே யாரும் இல்லை. பராமரிப்புப் பிரிவு சுற்றறிக்கைக்குக் கட்டுப்பட்டு, ‘லிஃப்ட் வழக்கத்தைவிட விரைவாகத் தரைத்தளம் வந்து சேர்ந்தது’ என்று எழுதி அனுப்பியது. இயக்குநர் அதன் ஓரத்தில் ‘அருமையான நடை’ என்று பச்சை மையில் பாராட்டினார்.

இயக்குநரின் பெயர் டாக்டர் ஞானவரோதயன். அவருடைய விசிட்டிங் கார்டைக் கல்யாணப் பத்திரிகை போல மடிப்பு விரித்துத்தான் படிக்க வேண்டும். பட்டங்கள் உள்பக்கத்துக்கும் போயிருந்தன. லிஃப்ட் போன பிறகு அவரும் மற்றவர்களைப் போலப் படியேற வேண்டியதாயிற்று. படி திரும்புகிற இடங்களிலெல்லாம் அவர் பெரிய மனிதர்களோடு நிற்கும் புகைப்படங்கள் மாட்டியிருந்தன. ஒவ்வொரு திருப்பத்திலும் நின்று, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, படத்தை நிதானமாகப் பார்த்துவிட்டுத்தான் மேலே போவார். தன் முகத்தை இத்தனை தடவை பார்த்தும் அலுக்காத மனுஷன் என்று கழகத்தில் பேசிக்கொண்டார்கள்.

கழகத்தின் வேலை அளப்பது. மேல்மாடியில் இளவழுதியின் உயிரியல் பிரிவு. அங்கே விதை எத்தனை முளைக்கிறது, தேனீ எவ்வளவு தூரம் பறக்கிறது என்று பார்ப்பார்கள். நடுமாடியில் டாக்டர் மெஹருன்னிசாவின் பிரிவு. அங்கே மனிதர்கள் குழாயில் ஊதுவார்கள், கைப்பிடியை இறுக்குவார்கள், ரத்தம் கொடுத்துவிட்டு ஒரு பிஸ்கட்டோடு வீடு திரும்புவார்கள். தரைத்தளத்தில் ஜெசிந்தா. அவள் பொருள்களை உடைப்பாள். பாலம், பள்ளிக்கூடம், தண்ணீர்த் தொட்டி என்று எது கட்டினாலும் அந்தக் கலவையில் கொஞ்சம் எடுத்து, ஒரு சாண் அளவுக்குச் சதுரக் கட்டியாக வார்த்து, ஈரமாக இருக்கும்போதே முகத்தில் தேதியைக் கீறி அவளிடம் அனுப்புவார்கள். க்யூப் என்று அதற்குப் பெயர். எந்திரத்தில் வைத்து அது நொறுங்கும்வரை அழுத்துவாள். நொறுங்கும்போது எந்திரம் காட்டுகிற எண் முப்பதைத் தொட்டால் கட்டடம் தேறியது.

பின்னால் தகராறு வந்தால் மறுபடி உடைத்துப் பார்க்க வேண்டுமே என்று ஒவ்வொரு கட்டடத்துக்கும் ஒரு க்யூபை உடைக்காமல் வைத்திருப்பது கழகத்தின் வழக்கம். தகராறு வராத க்யூப்கள் காலப்போக்கில் கட்டடம் முழுக்கப் பரவி வேறு உத்தியோகம் பார்த்தன. ஒன்று பூந்தொட்டிக்கு மேடை, ஒன்று சாம்பார் பாத்திரத்துக்கு அடி. இயக்குநர் அறைக் கதவுக்கு முட்டாக ஒன்று, பதவி உயர்வு பெற்றது போலப் போய் உட்கார்ந்திருந்தது.

சுற்றறிக்கை வரக் காரணமே ஒரு மத்தியானச் சாப்பாடுதான். மூன்று பிரிவுத் தலைவர்களும் ஜெசிந்தாவின் மேசையில்தான் சாப்பிடுவார்கள். எந்திரத்துக்காகப் போட்ட குளிர்சாதனம் அங்கேதான் உருப்படியாக ஓடியது. அன்றைக்கு மெஹர் தன் டிஃபன் டப்பாவைத் திறக்கவே இல்லை.

“ஜெசி, உன் பத்து வருஷக் கோட்டைக் காட்டு.”

ஜெசிந்தா, பத்து வருஷ அளவுகளைக் கோடாக வரைந்திருந்த தன் திரையைத் திருப்பினாள். மெஹர் தன்னுடையதை அதன் பக்கத்தில் வைத்தாள். இளவழுதியும் எட்டிப் பார்த்துவிட்டு, கையைக் கழுவிக்கொண்டு வந்து தன்னுடையதை வைத்தார். மூன்று கோடுகளும் ஒரே சரிவில் கீழே இறங்கின.

“நான் என்னுதையே மூணு தடவை திறந்துட்டேனோன்னு பாத்தேன்” என்றார் இளவழுதி. “அவரை விதையும் கான்கிரீட்டும் ஒரே வேகத்துலயா மட்டமாகும்?”

“மனுசனும்” என்றாள் மெஹர். “பத்து வருஷத்துல அஞ்சுல ஒரு பங்கு போயிருச்சு. கைப்பிடி, மூச்சு, எலும்பு, எல்லாத்துலயும்.”

“ஏன்?”

“தண்ணிங்கறாங்க, காத்துங்கறாங்க, மணல்ங்கறாங்க. எல்லாத்துக்கும் பொதுவா ஏதோ ஒண்ணு உள்ள புகுந்து அரிக்குது. அது என்னன்னு கண்டுபிடிக்கத்தான் நமக்குச் சம்பளம்.”

ஜெசிந்தா சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாள். வாய்க்குப் போகவில்லை. “இதுல இன்னொரு வயித்தெரிச்சல் இருக்கு. எனக்கு வர்ற க்யூப் எல்லாமே பொண்ணு பாக்க வர்ற மாப்பிள்ளை மாதிரி. பாலத்துக்கு ஊத்தற கலவை வேற, லேபுக்கு ஊத்தற கலவை வேற. லேபுக்குன்னா சிமென்ட் ரெண்டு கை கூட.”

“எனக்கு மட்டும் என்ன? கம்பெனிக்காரங்க இருக்கறதுலயே திடமான ஆளாப் பொறுக்கித்தான் பரிசோதனைக்கு அனுப்பறாங்க.”

“விதைக் கம்பெனி மட்டும் யோக்கியமா?” என்றார் இளவழுதி. பிறகு சட்டென்று நிறுத்தினார். “அப்ப நாம பாக்கற இந்தக் கோடு, பவுடர் பூசின முகத்தோட கோடா?”

குளிர்சாதனம் ஒருமுறை இருமிவிட்டு மறுபடி ஓடியது.

மறுநாள் கூட்டம் கூடியது. மூன்று கோடுகளையும் பெரிய திரையில் பார்த்த ஞானவரோதயன் கலவரப்படவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவர் கண்ணாடியைத் துடைத்தால் ஏதோ ஒரு சிந்தனை வரப்போகிறது என்று பொருள்.

“ஒரே ஒரு பொருள் மோசமானா பொருள்மேல தப்பு. எல்லாமே ஒரே அளவுக்கு மோசமானா? யார்மேல தப்பு?” சுற்றிலும் பார்த்தார். “அளக்கிற கருவிமேல தப்பு.”

“கருவி சரியாத்தான் சார் இருக்கு” என்றாள் ஜெசிந்தா. “எடைக்கல் வச்சு மாசாமாசம் சரிபாக்கறோம்.”

“அந்த எடைக்கல்லே நம்மை ஏமாத்துதுன்னா?”

இந்தக் கேள்விக்கு விஞ்ஞானத்தில் பதில் கிடையாது. ஆகவே ‘இயக்குநர் ஓர் ஆழமான கேள்வியை எழுப்பினார்’ என்று கூட்டக் குறிப்பில் பதிவானது.

“சும்மா ஒரு பேச்சுக்குத்தான் கேக்கறேன் ஜெசிந்தாம்மா. பழைய அளவு திரும்ப வரணும்னா, இப்ப வர்ற எண்ணை எதால பெருக்கணும்?”

கணக்குக் கேட்டால் சொல்லிவிடுவது அவளுக்குப் பள்ளிக்கூடத்திலிருந்தே உள்ள நோய். “ஒன்றேகால் சார்.”

“ஒன்றேகால்” என்றார் இயக்குநர், ஏதோ ராகத்தின் பெயரைச் சொல்வது போல.

ஒரு மாதத்துக்குள் அதற்கு ‘ஞானவரோதயன் திருத்தம்’ என்று பெயர் வந்தது. நாட்டில் உள்ள எல்லா அளவைக் கருவிகளிலும் அதை ஏற்றினார்கள். ஏற்றிய அன்று காலையில் தளர்ந்திருந்த பாலங்கள் சாயங்காலம் தேறின. பிள்ளைகளின் கைப்பிடி ஒரே நாளில் அவர்கள் அப்பாக்களின் வலிமையை எட்டியது. பள்ளிகளில் மீட்சி நாள் கொண்டாடி மிட்டாய் கொடுத்தார்கள். ஞானவரோதயனுக்கு ஒரு விருதும் ஒரு பொன்னாடையும் கிடைத்தன. படித்திருப்பத்தில் இன்னொரு புகைப்படத்துக்கு ஆணி அடித்தார்கள். ‘வீழ்ச்சி’ இனி எதற்கு? அந்தச் சொல்லைத் தடுத்துச் சுற்றறிக்கை போனது.

ஜெசிந்தாவின் வீடு பாலக்கரையில். அவள் கணவன் லூர்துசாமி பேண்டு செட்டில் டிரம்பெட் வாசிப்பவன். வாசித்துக்கொண்டிருந்தவன் என்பதுதான் சரி. மூன்று வருஷமாக அவன் நுரையீரல் சுருங்கிக்கொண்டே வந்தது. மேல் ஸ்வரத்தில் மூச்சு அறுந்துபோகும். கடைசியில் டிரம்பெட்டைத் தம்பிமுறைக்காரன் ஒருவனிடம் கொடுத்துவிட்டு, கைத்தாளத்துக்கு மாறியிருந்தான்.

“ஜால்ரா தட்ட மூச்சு வேணாம், ஜெசி. உங்க ஆபீஸ்ல எல்லாரும் அதான பண்றாங்க?” என்பான்.

அவனுக்கு ஒரு வழி இருந்தது. அவனுடைய செல்லிலிருந்தே புதிய நுரையீரல் திசு வளர்த்து வைத்துத் தைக்கிற சிகிச்சை. மூச்சுத் திறன் ஐம்பதுக்குக் கீழே போனவர்களுக்கு மட்டும் அரசு செய்தது. லூர்துவுக்கு நாற்பத்திரண்டு. பட்டியலில் அவன் முறை அந்த மாதமே வருவதாக இருந்தது.

சமையலறையில் அவள் மீன் கழுவிக்கொண்டிருந்தபோது அவன் தொலைபேசியை நீட்டினான். திரையில் பூக்கள் கொட்டின.

‘வாழ்த்துகள் லூர்துசாமி! உங்கள் மூச்சுத் திறன் ஐம்பத்திரண்டரை. இயல்பு நிலைக்கு மீண்டுவிட்டீர்கள். காத்திருப்போர் பட்டியலிலிருந்து உங்களை மகிழ்ச்சியுடன் விடுவிக்கிறோம்.’ கீழே ஒரு பலூன் படம்.

“பலூன் அனுப்பியிருக்கான் பாரு” என்றான் லூர்து. “அதை ஊதறதுக்கு மூச்சை யார் அனுப்புவா?”

அவள் சிரிக்கவில்லை. மீன் செதில் ஒட்டிய கையோடு அப்படியே நின்றாள். நாற்பத்திரண்டை ஒன்றேகாலால் பெருக்கினால் ஐம்பத்திரண்டரை. பெருக்கிப் பார்க்கவே வேண்டியதில்லை.

“என்னங்க... அந்த எண்ணு நான் சொன்னது.”

“தெரியும்.”

“சும்மா பேச்சுக்குத்தான் கேட்டார்.”

“நீயும் சும்மாத்தான சொன்ன? விடு. ஊர்ல எத்தனை பேரு ஒரே நாள்ல குணமாகியிருக்கான், எனக்கு மட்டும் என்ன?” என்றவன் அடுத்த வாக்கியத்தை ஆரம்பிக்குமுன் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் மூச்சு வாங்கினான். குணமானவன் போல இல்லை.

மெஹர் மறைக்காமல் சொன்னாள். “பட்டியலை இந்த மாசக் கடைசில மூடறாங்க. மறுபடி திறக்க ரெண்டு வருஷம் ஆகும். அவருக்கு அதுவரைக்கும் தாங்காது ஜெசி. நான் நாலு கடிதம் எழுதிட்டேன். ‘இயல்பானவருக்குச் சிகிச்சை இல்லை’ன்னு நாலுக்கும் ஒரே பதில்.”

ஜெசிந்தா இயக்குநர் அறைக்குப் போனாள். க்யூப் முட்டுக்கொடுத்த கதவு திறந்தே இருந்தது. உள்ளே ஞானவரோதயன் கட்டி முடியும் தறுவாயில் இருந்த புதிய அரங்கத்தின் வரைபடத்தை விரித்து வைத்திருந்தார். திருத்தத்தால் தேறிய முதல் கட்டடம் அது. பெயர், ஞானவரோதயன் அரங்கம். அவரே எவ்வளவோ மறுத்தும் அந்தப் பெயரையே வைக்க வேண்டும் என்று அவர் தலைமையிலான குழு பிடிவாதமாக இருந்துவிட்டது.

“சார், மூச்சு அளக்கிற கருவில மட்டுமாவது அந்தத் திருத்தத்தை எடுத்துடுங்க.”

“உக்காருங்கம்மா.” முழுக்கக் கேட்டார். கேட்டு முடித்துக் கைக்குட்டைக்குள் இருமினார். “உங்க வீட்டுக்காரருக்காக நான் மனசார வருத்தப்படறேன். ஆனா ஒருத்தருக்கு எடுத்தா எல்லாருக்கும் எடுக்கணும். மூச்சுக்கு எடுத்தா கைப்பிடிக்கு எடுக்கணும், கைப்பிடிக்கு எடுத்தா கான்கிரீட்டுக்கு எடுக்கணும். அப்புறம் இந்த ஹால் என்னாகும்? நாட்டுல இருக்கற பாலமெல்லாம் என்னாகும்? ஜனங்க பீதியாயிட மாட்டாங்களா?”

“பீதியாகாம விழுந்தாப் பரவாயில்லையா சார்?”

“அந்தச் சொல் வேண்டாமே” என்றார் அவர், மிருதுவாக.

பேச்சு அதோடு முடிந்தது. எழுந்து திரும்பியபோது கதவடியில் இருந்த க்யூப் அவள் காலில் இடித்தது. வலியில் குனிந்தவள் அதன் முகத்தில் கீறியிருந்த தேதியைப் பார்த்தாள். 2019. கிட்டத்தட்ட நாற்பது வருஷத்துப் பழைய கட்டி.

“அது நான் இங்க சேர்றதுக்கும் முன்னாடியே இருந்து இருக்கு” என்றார் இயக்குநர், பெருமையாக. “அசைக்க முடியாது.”

அரங்கத் திறப்பு விழாவுக்கு அமைச்சர் வந்தார். வாசலில் பேண்டு முழங்கியது. லூர்து கைத்தாளம் தட்டினான். மேடையில் ஒரு புதுமை ஏற்பாடாகியிருந்தது. இந்த அரங்கத்தின் க்யூபை எல்லோர் முன்னாலும் எந்திரத்தில் வைத்து உடைத்து, அதன் வலிமையைப் பெரிய எண்பலகையில் காட்ட வேண்டும். இயக்குநரின் யோசனை. எந்திரத்தை இயக்க ஜெசிந்தா.

அன்று காலை இயக்குநர் அறைக் கதவு தானாகவே படார் படாரென்று சாத்திக்கொண்டிருந்ததை, விழா அவசரத்தில் யாரும் கவனிக்கவில்லை.

ஜெசிந்தா எந்திரத்திலிருந்த திருத்தத்தை அணைத்தாள். முதல் க்யூபை வைத்து அழுத்தினாள். எண் ஏறியது. இருபது, முப்பது, அதையும் தாண்டிக்கொண்டே போனது. நாற்பத்து நான்கில், வேட்டு வெடித்தது போல ஒரு சத்தத்தோடு கட்டி பிளந்தது. அரங்கம் கைதட்டியது. ஞானவரோதயன் ஒலிபெருக்கியைக் கைப்பற்றினார்.

“இதுதான் நமது அரங்கத்தின் வலிமை! வலிமை குறைந்துவிட்டது, தேய்ந்துவிட்டது என்று புலம்பியவர்களுக்கு...”

“இது நம்ம ஹால் க்யூப் இல்லீங்கய்யா” என்றாள் ஜெசிந்தா, அமைச்சரைப் பார்த்து. “டைரக்டர் சார் ரூம் கதவுக்கு முட்டு வச்சிருந்தது. நாப்பது வருஷத்துக்கு முந்தி வார்த்தது. ஹாலோடது இனிமேத்தான்.”

இரண்டாவது க்யூபை வைத்தாள். இருபத்து நான்கு வந்ததும் எண் நின்றுவிட்டது. சத்தமே இல்லை. டீயில் தோய்த்த ரஸ்க் மாதிரி கட்டி ஓரங்களில் உதிர்ந்து உட்கார்ந்தது.

“பழைய கான்கிரீட் வயசாக ஆக இறுகும்” என்றார் ஞானவரோதயன் வேகமாக. “அது சாதாரண விஞ்ஞானம்.”

“கொஞ்சம் இறுகும் சார். ரெட்டிப்பாகாது.”

அமைச்சர் ஒன்றும் பேசாமல் எழுந்து வந்து உதிர்ந்த துண்டொன்றை எடுத்து விரலால் நசுக்கினார். பொடியானது. அரசியலுக்கு வருமுன் அவர் கான்ட்ராக்டராக இருந்தவர் என்பதை ஞானவரோதயன் மறந்துவிட்டிருந்தார்.

“யாருய்யா இந்த ஹால் கட்டினது?”

முன்வரிசையில் வெள்ளைச் சட்டை போட்ட ஒருவர் எழுந்தார். “நான்தாங்கண்ணே.”

“நானும் இருபது வருஷம் இந்தத் தொழில்ல இருந்தவன்தான். உண்மையச் சொல்லு. லேபுக்குக் குடுத்த க்யூப்ல வழக்கம்போலச் சிமென்ட் கூடப் போட்டுத்தான குடுத்த?”

“சத்தியமாண்ணே! தாராளமாப் போட்டேன். உங்க விழாவாச்சேன்னு இன்னும் ஒரு கை சேத்துத்தான் போட்டேன்.”

“கூடப் போட்டே இவ்வளவுதானா?”

சொல்லிவிட்டு அமைச்சர் மெதுவாக அண்ணாந்து கூரையைப் பார்த்தார். மேடையில் இருந்தவர்கள் பார்த்தார்கள். முன்வரிசை பார்த்தது. அப்புறம் அரங்கம் முழுக்கவே அண்ணாந்து பார்த்தது. கூரை புத்தம் புதிதாக, வெள்ளையடித்து, அழகாக இருந்தது.

யாரும் ஓடவில்லை. ஓடினால் மரியாதையாக இருக்காது. அமைச்சருக்கு ஓர் அவசரத் தொலைபேசி வந்தது. தொலைபேசி ஒலிக்காமலே எடுத்துக் காதில் வைத்துக்கொண்டு வெளியே நடந்தார். கலெக்டருக்கு வெயிலில் நின்றால்தான் முதுகுவலி சரியாகுமாம். துணைவேந்தர் ஒருவர், மரக்கன்று நடுகிற நிகழ்ச்சியை முதலில் வைத்துக்கொள்ளலாமே என்றார். அப்படி ஒரு நிகழ்ச்சியே கிடையாது. பின்வரிசைக்காரர்கள் எல்லாரும் ஏககாலத்தில் செருப்பைத் தேடினார்கள். வாசலில் இருந்த பேண்டுக்காரர்கள், விழா இனிதே முடிந்தது என்று நினைத்து உற்சாகமாக ஒரு கல்யாண மெட்டை எடுத்துவிட்டார்கள்.

கடைசியில் மேடையில் ஜெசிந்தாவும் ஞானவரோதயனும் மட்டும் இருந்தார்கள். அவர் இன்னும் ஒலிபெருக்கியைப் பிடித்திருந்தார்.

“சார், நீங்களும் வெளிய வந்துடுங்க” என்றாள்.

அந்த வாரமே உத்தரவு வந்தது. அரங்கம் மூடப்பட்டது. ஞானவரோதயன் வேறொரு குழுவுக்கு ஆலோசகராக மாற்றப்பட்டார். அந்தக் குழு இன்னும் அமைக்கப்படவில்லை. உத்தரவின் முக்கியமான பத்தியை மெஹர் தரைத்தளத்துக்கு இறங்கி வந்து படித்துக் காட்டினாள்.

“‘கட்டடங்கள், பாலங்கள் முதலான பொருள்களுக்கு ஞானவரோதயன் திருத்தம் உடனடியாக நீக்கப்படுகிறது.’ அடுத்த வரியைக் கேளு. ‘மனிதர்களுக்கு, விதைகளுக்கு, கால்நடைகளுக்கு அது தொடரும்.’”

ஜெசிந்தாவுக்கு முதலில் புரியவில்லை. “ஏன்? அதே எண்ணுதான, அதே தப்புதான?”

“கட்டடம் விழுந்தா ஊருக்கே கேக்கும். மனுசன் விழுந்தா வீட்டுக்குள்ளதான கேக்கும்.”

மாதக் கடைசிக்கு ஐந்தாறு நாளே இருந்தது. வீட்டில் ஜெசிந்தா எதைத் தொட்டாலும் கீழே போட்டாள். லூர்து கட்டிலில் தலையணைகளை அடுக்கிச் சாய்ந்திருந்தான். படுத்தால் மூச்சு நிற்பது போல இருந்தது. உத்தரவை அவள் சொல்லச் சொல்ல அவன் கண்ணை மூடிக்கொண்டு கேட்டான்.

“அப்ப பொருளுக்கு நியாயம் கிடைச்சிருச்சு.”

“ஆமா.”

“பேசாம என்னையும் ஒரு பொருளாச் சேத்துக்கயேன். உன் கருவில வாய வச்சு... ஊதுவேன். டிரம்பெட்டுன்னு போடு.” சிரிக்க ஆரம்பித்து, அது இருமலாகி, முடிவதற்குள் முகமெல்லாம் வியர்த்துவிட்டது.

ஜெசிந்தா அவன் முதுகைத் தடவிக்கொண்டிருந்த கையை அப்படியே நிறுத்தினாள்.

மறுநாள் காலையில் ஆட்டோவில் அவனைக் கழகத்துக்கு அழைத்துப் போனாள். தரைத்தளத்தில், குடிநீர்க் குழாய்களுக்குள் காற்று எவ்வளவு தடையில்லாமல் போகிறது என்று பார்க்கிற கருவி ஒன்று இருந்தது. பொருள்களுக்கான கருவி, அதில் திருத்தம் கிடையாது. லூர்து அதன் வாயில் உதட்டை வைத்து, பழைய பழக்கத்தில் கன்னத்தை இறுக்கிக்கொண்டு, ஊதினான். முள் எழுந்து நடுங்கி விழுந்தது. காட்டியதை மெஹர் மூச்சுத் திறனாக மாற்றிச் சொன்னாள்.

“நாப்பத்தொண்ணு.”

“சிகிச்சை மையத்துல இதை ஒத்துக்குவாங்களா?” என்றான் லூர்து.

“கழகத்து முத்திரை இருக்கா, எண்ணு ஐம்பதுக்குக் கீழ இருக்கா, அவ்வளவுதான் அங்க பாப்பாங்க” என்றாள் மெஹர். “மேல என்ன எழுதியிருக்குன்னு படிக்கற வழக்கம் நம்ம ஊர்ல எங்க இருக்கு?”

ஜெசிந்தா எழுதினாள். பொருள்: காற்றுக் குழாய். தயாரான இடம்: பாலக்கரை. நிலை: நாள்பட்ட உபயோகத்தால் தளர்ந்தது, ஆனால் நல்ல நாதம் உள்ளது.

“கடைசி வரி வேணுமா?” என்றான் லூர்து.

“சும்மா இருங்க” என்றாள்.

மாதம் முடிய ஒரு நாள் இருக்கையில் அவனைச் சேர்த்துக்கொண்டார்கள். முத்திரையைப் பார்த்தார்கள், எண்ணைப் பார்த்தார்கள், கட்டில் கொடுத்தார்கள். மையத்தில் யாரும் எதையும் படிக்கவில்லை.

ஆனால் மற்றவர்கள் படித்துவிட்டார்கள். பக்கத்துக் கட்டில்காரரின் மைத்துனர் வந்தார். பிறகு பேண்டு செட்டில் ஒருவர், பிறகு அவருக்குத் தெரிந்தவர்கள். தரைத்தள வாசலில் தினமும் காலையில் ஆட்கள் கூச்சத்தோடு நின்றார்கள், கையில் எதையும் எடுத்து வராமல். பட்டியல் மூடிவிட்டது என்று ஜெசிந்தா சொல்லிப் பார்த்தாள். “பரவாயில்லைம்மா, உள்ளது எவ்வளவுன்னு தெரிஞ்சாப் போதும்” என்றார்கள். அவள் யாரையும் திருப்பி அனுப்பவில்லை. மேலிடத்துக்குத் தெரிந்தால் வேலை போகும் என்பது தெரியும். காலடிச் சத்தம் கேட்கும்போதெல்லாம் வாசலைப் பார்த்துக்கொண்டேதான் அளந்தாள்.

ஒருநாள் கூட்டம் கலைந்த பிறகு வாசலில் நிழலாடியது. ஞானவரோதயன். மேலே தன் அறையிலிருந்த சாமான்களை எடுத்துப்போக வந்திருக்க வேண்டும். பொன்னாடை, பச்சை மைப் பேனா இல்லாமல் அவர் சற்றுச் சிறிதாகத் தெரிந்தார்.

“ஜெசிந்தாம்மா, இங்க பொருள் ஏதாவது கொண்டுவந்தா அளந்து குடுக்கறீங்களாமே?”

“கொண்டுவந்திருக்கீங்களா சார்?”

அவர் தன் வெறும் கைகளைப் பார்த்துக்கொண்டார். “கொண்டுதான்மா வந்திருக்கேன்.”

நாற்காலியைக் காட்டினாள். அவர் உட்கார்ந்து, சட்டையின் மேல் பொத்தானைக் கழற்றிவிட்டு, குழாயில் வாய் வைத்து ஊதினார். முள் லூர்து நிறுத்திய இடத்தின் பக்கத்தில்கூட வரவில்லை. கருவி பழுதோ என்று அவளுக்கே ஒரு கணம் தோன்றியது. தோன்றியதற்காகத் தன்மேலேயே எரிச்சல் வந்தது. மறுபடி ஊதச் சொன்னாள். அதே இடம்.

“உங்க எண்ணால பெருக்கிச் சொல்லட்டுமா சார்?” என்றாள். குத்திக் காட்டவா, ஆறுதலுக்கா என்று அவளுக்கே தெரியவில்லை.

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு, முள்ளைக் கிட்டத்தில் குனிந்து பார்த்தார்.

“வேண்டாம்மா. உள்ளபடியே சொல்லுங்க. எவ்வளவு வீழ்ச்சி?”

அந்தச் சொல் அவர் வாயிலிருந்து வந்து கழகத்தில் யாரும் கேட்டதில்லை. அவள் சொன்னாள். அவர் தலையசைத்துவிட்டு, பொத்தானைப் போட்டுக்கொண்டு, நன்றி சொல்லி எழுந்தார்.

படியில் அவர் காலடிகள் ஏறுவது கேட்டது. ஜெசிந்தா வாசலுக்கு வந்து பார்த்தாள். புகைப்படங்களையெல்லாம் முந்தைய வாரமே கழற்றிவிட்டிருந்தார்கள். புதிய இயக்குநரின் படங்கள் இன்னும் வரவில்லை. சுவரில் ஆணிகள் மட்டும் இருந்தன.

முதல் திருப்பத்தில் அவர் நின்றார். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, தோள்கள் ஏறி இறங்க, வெறும் சுவரை, நிதானமாக, வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.